கண்மாய்த் தண்ணீர் ஏறிய கார்: எந்த அறிகுறிக்கு என்ன செய்யணும்

ஐப்பசி, கார்த்திகையில் ஒரு ராத்திரி விடாமல் மழை அடித்தால், மறுநாள் விடிகாலையில் என் பட்டறைக்கு வரும் போன் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். "அண்ணே, தரைப்பாலத்துல தண்ணி போகுதுன்னு தெரிஞ்சும் விட்டுட்டேன். நடுவுல நின்னுருச்சு. திரும்ப செல்ஃப் அடிச்சேன், டொக்குன்னு ஒரு சத்தம், அப்புறம் ஒண்ணுமில்ல." அந்த 'டொக்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிற்றைப் பிசையும். தண்ணீரில் நின்றுபோன வண்டியை அப்படியே தள்ளிக் கரையேற்றியவர்கள் பெரும்பாலும் சில ஆயிரத்தில் தப்பித்துவிடுகிறார்கள். அந்த இரண்டாவது செல்ஃப்தான் இன்ஜினைக் கழற்றி இறக்க வைக்கிறது.

செட்டிநாடு வறண்ட சீமை. வெயிலுக்குக் காரைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த அளவுக்குத் தண்ணீருக்குப் பார்த்துக்கொள்ள நமக்குப் பழக்கமில்லை. ஒரு கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அடுத்த கண்மாய்க்குப் போகிற வழியில் ரோட்டைத்தான் கடக்கும். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் பெரிய வீடுகளை ஆளுயர மேடை போட்டுக் கட்டியிருக்கிறார்கள். எவ்வளவு மழை பெய்தாலும் முகப்புக்குள் தண்ணீர் வராது. கார் நிற்கும் கொட்டகை மட்டும் பிற்பாடு கட்டியது, தெருமட்டத்தில் இருக்கும். வீடு நனையவில்லை என்று நிம்மதியாக இருப்பார்கள், பின்பக்கம் கார் சீட்டு வரை ஊறிக்கொண்டிருக்கும்.

முதலில் கறை எங்கே நிற்கிறது?

எந்த அறிகுறியையும் ஆராய்வதற்கு முன்னால் ஒரு சாக்பீஸ் எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊர்த் தண்ணீர் செம்மண் கலந்தது. வடிந்தபின் வண்டியைச் சுற்றி ஒரு கோடு விட்டுவிட்டுத்தான் போகும். அது காய்ந்து உதிர்வதற்குள் அந்த உயரத்தில் கோடு போட்டு, நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். இன்ஷூரன்ஸுக்கும் அது வேண்டும், மெக்கானிக்குக்கும் வேண்டும்.

கதவுப் படிக்குக் கீழேயே கறை நின்றுவிட்டால் பிரேக், வீல் பேரிங், அடிப்பக்கம் மட்டும்தான் வேலை. படிக்கு மேலே ஏறி சீட்டின் அடிவரை வந்திருந்தால் கார்ப்பெட், அதற்கடியில் ஓடும் வயரிங், நடுக் கன்சோலுக்குக் கீழே இருக்கும் ஏர்பேக் யூனிட், பல வண்டிகளில் டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் இசியூ என்ற இன்ஜின் கம்ப்யூட்டர், இத்தனையும் கணக்கில் வரும். டேஷ்போர்டைத் தொட்டுவிட்டால் ரிப்பேர் பேச்சை எடுக்காதீர்கள், இன்ஷூரன்ஸ் பேச்சை எடுங்கள்.

அடுத்தது, பேட்டரி. மைனஸ் கம்பியை முதலில் கழற்றுங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஈரமான வயரில் கரண்ட் இருந்தால் செம்பு கரையத் தொடங்கிவிடும். காரைக்குடியில் 1948இல் அடிக்கல் நாட்டி 1953இல் திறந்த செக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், துருவையும் அரிப்பையும் ஆராய்வதற்கென்றே ஒரு பிரிவு வைத்திருக்கிறது. அவர்கள் ஆராயும் அதே வேதியியல்தான் உங்கள் ஃபியூஸ் பாக்ஸுக்குள்ளும் நடக்கிறது. தண்ணீர், இரண்டு உலோகம், நடுவில் 12 வோல்ட். மாதக்கணக்கில் ஆகிற அரிப்பு சில நாளில் ஆகிவிடும். பேட்டரியைக் கழற்றிவிட்டால் அந்த வேகம் போய்விடும்.

எலெக்ட்ரிக் கார், ஹைபிரிட் கார் என்றால் நீங்கள் எதையும் கழற்றவேண்டாம். ஆரஞ்சு நிற வயர் கண்ணில் பட்டால் கையை எடுத்துவிட்டு கம்பெனி ஆளைக் கூப்பிடுங்கள்.

செல்ஃப் அடித்தால் 'டொக்' என்று நின்றுவிடுகிறது

காற்று இழுக்கும் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். 1200 சிசி, நாலு சிலிண்டர் பெட்ரோல் வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டால், ஒரு சிலிண்டர் 300 மில்லி. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிச்சமிருக்கும் இடம் ஏறக்குறைய 33 மில்லிதான், இரண்டு மேசைக்கரண்டி அளவு. டீசலில் அந்த இடம் இன்னும் குறைவு. காற்று என்றால் அதற்குள் அமுங்கிக்கொள்ளும். தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் முட்டும், பின்னாலிருந்து தள்ளுகிற கனெக்டிங் ராடு வளையும்.

சாவியை எடுத்துவிடுங்கள். தள்ளி ஸ்டார்ட் பண்ணுவது, கயிறு கட்டி இழுத்து கியர் போட்டு விடுவது, இரண்டும் கூடவே கூடாது. செல்ஃப் மோட்டாரை விட அதில் விசை அதிகம். ரெக்கவரி வண்டியில் ஏற்றிக் கொண்டுவாருங்கள்.

பட்டறையில் நாங்கள் செய்வது இது. ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்து பார்ப்போம். ஃபில்டர் பேப்பர் நனைந்திருந்தாலோ அடியில் சேறு தங்கியிருந்தாலோ சந்தேகம் உறுதி. பெட்ரோல் வண்டியில் எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுவோம். டீசலில் ஹீட்டர் பிளக் அல்லது இன்ஜெக்டர். பிறகு கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டு, இன்ஜின் சுழலும் திசையில் கையாலேயே மெதுவாகச் சுற்றுவோம். போன மழைக்கு ஒரு பையன் தரைப்பாலத்தில் நின்ற வண்டியை மறு செல்ஃப் அடிக்காமல் நாலு பேரை வைத்துத் தள்ளிக்கொண்டே வந்தான். மூன்றாவது சிலிண்டர் மேலே வந்தபோது, பிளக் ஓட்டையிலிருந்து காவி நிறத்தில் தண்ணீர் பீய்ச்சி பானெட்டின் உள்பக்கம் அடித்தது. நனைந்த சட்டையோடு பக்கத்தில் நின்றவன் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது. அந்த வண்டி இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது.

தண்ணீர் வெளியேறிய பின்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. ராடு ஒரு நூல் வளைந்திருந்தாலும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும், ஓடும், நீங்களும் சந்தோஷப்படுவீர்கள். சில வாரமோ சில மாதமோ கழித்து அது ஒடிந்து இன்ஜின் பிளாக்கையே குத்திக்கொண்டு வெளியே வரும். அதனால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே உண்டாகும் அழுத்தம், பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மூன்று ஒரே அளவில் இருந்து ஒன்று மட்டும் குறைந்தால் ராடைச் சந்தேகப்படவேண்டும். "ஸ்டார்ட் ஆயிருச்சுல்ல, எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

ஆயில் குச்சியில் பால் டீ நிறம்

ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். பொன்னிறமோ கறுப்போ இருந்தால் சரி. டீக்கடையில் ஆற்றிய டீ மாதிரி நுரைத்து வெளுத்திருந்தால் ஆயிலோடு தண்ணீர் கலந்துவிட்டது. அளவுக்கோட்டுக்கு மேலே ஏறியிருந்தாலும் அதே அர்த்தம்தான். அந்த ஆயிலில் இன்ஜினை ஒரு நிமிடம்கூட ஓட்டவேண்டாம். பேரிங்குக்கு அதில் வழுவழுப்பு இருக்காது.

வடித்து, ஃபில்டர் மாற்றி, மலிவான ஆயில் ஊற்றிச் சில நிமிடம் ஓட்டி, சூடாக இருக்கும்போதே அதையும் வடித்துவிடுங்கள். பிறகு நல்ல ஆயில், இன்னொரு புது ஃபில்டர். காசைப் பார்க்கக்கூடாத இடம் இது. கியர் பாக்ஸை மறந்துவிடுவார்கள். அதற்கும் மேலே மூச்சுவிடும் துளை உண்டு, சூடான பெட்டி குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது அதன் வழியே உறிஞ்சிக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் கியர் என்றால் அதன் சிவப்பு ஆயில் ரோஸ்மில்க் நிறத்துக்கு மாறியிருக்கும். அதை அப்படியே ஓட்டினால் உள்ளே இருக்கும் கிளட்ச் தகடுகள் உரிந்துவிடும்.

ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் மிஸ்ஸிங் அடிக்கிறது

ஈரமான இக்னிஷன் காயில், பிளக் குழியில் தேங்கிய தண்ணீர், சென்சாரோடு வயரை இணைக்கும் கப்ளரில் ஈரம், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். காயிலைக் கழற்றி, குழியைக் காற்றடித்துக் காயவைத்து, கப்ளர்களைக் காண்டாக்ட் கிளீனர் அடித்து மாட்டினால் சரியாகிவிடும். மிஸ்ஸிங்கோடு ஊர் சுற்றாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்ஸரில் புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டருக்குப் போய் அதைச் சூடேற்றிக் கெடுக்கும்.

ஸ்டார்ட் ஆகி இரண்டு நிமிடத்தில் மூச்சடைத்து நிற்கிறது என்றால் டேங்கைச் சந்தேகப்படுங்கள். இப்போது நாம் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் கொஞ்சம் தண்ணீரை வெளியே தெரியாமல் தன்னோடு கரைத்துக்கொள்ளும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து, அடுப்பு பீடி எதுவும் இல்லாத இடத்தில் அரைமணி நேரம் வைத்தால் அடியில் ஒரு கோடு தெரியும். தெரிந்தால் டேங்கை முழுக்க வடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. டீசல் வண்டியில் ஃபில்டருக்கு அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருக்கும், முதலில் அதைத் திறந்து பாருங்கள். டீசலை இன்ஜெக்டருக்குத் தள்ளும் காமன் ரயில் பம்ப், சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் அழுத்தத்தில் வேலை செய்கிறது, அதற்கு டீசல்தான் எண்ணெய். தண்ணீர் போனால் உராய்ந்தே செத்துவிடும்.

ஹாரன் தானாக அடிக்கிறது, கண்ணாடி தானாக இறங்குகிறது

பேய் பிடித்த மாதிரி இருக்கும். கதவுக்குள்ளோ ஃபியூஸ் பாக்ஸுக்குள்ளோ ஈரம் குறுக்கே கரண்டைக் கடத்துகிறது, அவ்வளவுதான். பேட்டரியைக் கழற்றிவிட்டு, நனைந்த ஒவ்வொரு கப்ளரையும் பிரித்துப் பாருங்கள். பித்தளைக் குடத்தில் பிடிப்பதுபோல் பச்சையாகக் களிம்பு கட்டியிருந்தால் அந்தக் கப்ளரை மாற்றவேண்டும். சுரண்டி மாட்டினால் மறு மழைக்குத் திரும்ப வரும். சேறு மட்டும் என்றால் நல்ல தண்ணீரில் அலசி, கிளீனர் அடித்து, காயவிட்டு மாட்டலாம். மண் ஒட்டியிருக்கும்போதே காயவைப்பது தவறு. நம்ம செம்மண் காய்ந்தால் சுண்ணாம்புக் காரைபோல இறுகிவிடும்.

ஏர்பேக் விளக்கு அணையவே இல்லையா? நனைந்த ஏர்பேக் யூனிட்டைக் காயவைத்துப் போடச் சொல்லி என்னிடம் கேட்பவர்கள் உண்டு. நான் செய்வதில்லை. தேவையான நொடியில் விரியாவிட்டாலும் ஆபத்து, தேவையில்லாதபோது விரிந்தாலும் ஆபத்து. மாற்றித்தான் ஆகவேண்டும். சீட் பெல்ட்டையும் முழுக்க இழுத்துப் பாருங்கள். சேறு புகுந்து, விட்டதும் சுருண்டு போகாமல் தொங்கினால் அதுவும் மாற்றவேண்டியதுதான்.

பிரேக் பெடல் பஞ்சுபோல் இறங்குகிறது, அல்லது சக்கரம் உருளமாட்டேன் என்கிறது

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிக்கத் தொடங்குவது 230 டிகிரிக்கு மேல். ஈரம் ஏறியபின் அது 155 வரை இறங்கலாம். கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் பெடல் பஞ்சு. சக்கரம் முழுகிய வண்டிக்குப் பிரேக் ஆயிலைக் கேள்வி கேட்காமல் மாற்றிவிடுங்கள்.

பின்சக்கரம் பிடித்துக்கொண்டால் காரணம் பெரும்பாலும் ஹேண்ட்பிரேக். ஈரத்தோடு இழுத்துவிட்டு நாலு நாள் நிறுத்தினால் ஷூவும் டிரம்மும் துருவில் ஒட்டிக்கொள்ளும். மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். விடவில்லை என்றால் சக்கரத்தைக் கழற்றி, டிரம்மில் மரச் சுத்தியால் தட்டினால் விட்டுவிடும். நனைந்த வண்டியை ஹேண்ட்பிரேக் போடாமல், முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு செம்புறாங்கல் முட்டுக் கொடுத்து நிறுத்துவதே நல்லது.

கதவைச் சாத்தினால் 'சளக்' என்கிறது, உள்ளே வாடை

பள்ளத்தூரில் ஒரு ஆச்சி வீட்டு வண்டி. ஊருணி நிரம்பிக் கொட்டகைக்குள் வந்து, இரண்டு நாள் நின்று வடிந்திருக்கிறது. ஆச்சி போன் பண்ணினார்கள். "தம்பி, மகன் சிங்கப்பூர்லருந்து பேசுறான், ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிப் பாக்கச் சொல்றான்." நான் சொன்னேன், "ஆச்சி, சாவிய எடுத்து அஞ்சறைப் பெட்டிக்குள்ள போட்டு மூடிருங்க. யாரு கேட்டாலும் குடுக்காதீங்க, மத்தியானம் வர்றேன்." போனபோது சாவியில் சீரக வாசம்.

கறை முன்சீட்டின் அடியில் நின்றிருந்தது. வெளியே பார்த்தால் வண்டி சுத்தமாக இருந்தது. வேலைக்காரர் கழுவி, உள்ளே துணியால் துடைத்துமிருந்தார். கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கிக் கட்டைவிரலால் அமுக்கினேன். விரலைச் சுற்றித் தண்ணீர் ஊறி மேலே வந்தது. கார்ப்பெட்டுக்கு அடியில் சத்தம் அடங்கப் போட்டிருக்கும் பஞ்சுப் படுக்கை லிட்டர் கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே எவ்வளவு துடைத்தாலும், ஜன்னலைத் திறந்து வைத்தாலும் அது வாரக்கணக்கில் காயாது. வாடையும் பூஞ்சணமும் தரைத் தகட்டின் துருவும் எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. டேஷ்போர்டில் வைக்கும் வாசனை டப்பாவால் இதற்கு ஒரு பயனும் இல்லை.

ஒரே வழி, எல்லாவற்றையும் வெளியே எடுப்பது. பேட்டரியைக் கழற்றிப் பத்து நிமிடம் பொறுத்தபின் முன்சீட்டின் போல்ட்டுகளைக் கழற்றுங்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் கப்ளர் இருந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. அதைக் கழற்றியிருக்கும் நேரத்தில் சாவி போடவே கூடாது. கார்ப்பெட்டையும் பஞ்சையும் உருவி, நல்ல தண்ணீரில் அலசிக் கொடியில் போடுங்கள். பஞ்சு நாறினால் தூக்கிப் போட்டுவிட்டுக் குஷன் கடையில் புதிது வெட்டி வாங்கிக்கொள்ளலாம், பெரிய செலவில்லை. தரைத் தகட்டில் ரப்பர் மூடிகள் இருக்கும். அவற்றைத் திறந்தால் தேங்கிய தண்ணீர் வடிந்துவிடும். ஆச்சி வீட்டு வளவில் நெல் காயப்போடும் இடத்தில் சீட்டுகளை வரிசையாக வைத்து, மூன்று வெயில் காட்டினோம்.

'சளக்' சத்தம் கதவுக்குள்ளிருந்து. கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடியச் சின்னச் சின்னத் துளை விட்டிருப்பார்கள், சேறு அதை அடைத்துவிடும். விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி ஒவ்வொரு துளையிலும் விட்டுக் குத்துங்கள். ஆச்சி வண்டியில் நாலு கதவிலிருந்தும் சேறும் தண்ணீருமாக ஒழுகியது. கம்பி விட்டுக் குத்தவேண்டாம், பெயின்ட் உரிந்தால் துரு அங்கேயே தொடங்கும்.

இன்ஜின் சூடாகிறது, ஏசி குளிரவில்லை

ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்ஸரில் சேறு அப்பியிருக்கும். இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, குழாய்த் தண்ணீரை வேகமில்லாமல் விட்டுக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் பிரஷரில் அடித்தால் தகடுகள் மடங்கிவிடும். ஃபேன் சுற்றுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஏசி போட்டதும் புளித்த வாடை வந்தால் கேபின் ஃபில்டரைத் தூக்கிப் போடுங்கள்.

புயலில் மரம் விழுந்தால்

2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் கடந்துபோனபோது தண்ணீரை விட மரம்தான் அதிகம் கெடுத்தது. மரத்தோடு மின்கம்பியும் கிடந்தால் வண்டியைத் தொடாதீர்கள். உள்ளே ஆள் இருந்தால் உள்ளேயே இருக்கட்டும், மின்வாரியத்துக்கு போன் போடுங்கள். கம்பி இல்லையென்றாலும் கிளையை இழுக்காதீர்கள், அறுத்துத் தூக்குங்கள். இழுப்பதில்தான் கண்ணாடியும் பெயின்டும் போகிறது.

இன்னொன்று, வயல் முழுகினால் எலி மேட்டைத் தேடி வரும். சூடான பானெட் அதற்கு நல்ல வீடு. மழைக்கு மறுவாரம் காரணமே இல்லாமல் இன்ஜின் விளக்கு எரிந்தால், சென்சாரை மாற்றுவதற்கு முன் வயரில் பல் பட்டிருக்கிறதா பாருங்கள்.

இன்ஷூரன்ஸ்

மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு எதுவும் வராது. முழு பாலிசி இருந்தால் வரும், ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியை செல்ஃப் அடித்து இன்ஜின் போனால் அதை உங்கள் தவறு என்று தள்ளிவிடுவார்கள். அதற்கு இன்ஜின் புரொடெக்ட் என்று தனியாகச் சேர்த்திருக்கவேண்டும். தேய்மானம் கழிக்காத பாலிசியாக இல்லையென்றால் பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி, ஏர்பேக்குக்குப் பாதிதான் கிடைக்கும், கண்ணாடிக்கு முழுசாகக் கிடைக்கும். ரிப்பேர் செலவு ஐடிவியில், அதாவது பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி முழுச் சேதமாகக் கணக்காகும். சர்வேயர் வந்து பார்ப்பதற்கு முன் எதையும் பிரிக்காதீர்கள். பேட்டரி கழற்றலாம், தண்ணீர் வடிக்கலாம், போட்டோ எடுத்துவிட்டு.

ஒரு மாதம் கழித்து வருகிறவை

வேகம் கூடக்கூட 'ஊ' என்று உறுமினால் வீல் பேரிங். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் கீச்சிட்டால் பெல்ட்டோ ஆல்டர்னேட்டர் பேரிங்கோ. செல்ஃப் ஒரு நாள் பிடித்து ஒரு நாள் பிடிக்காவிட்டால் மோட்டாருக்குள் துரு. இவை மழை விட்ட கையோடு தெரியாது, கிரீஸ் மெல்ல மெல்லக் கழுவிப்போய்த் தை மாதத்தில்தான் தெரியும். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்துகொண்டு கல்யாணத்துக்கும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் மட்டும் வந்து வண்டியை எடுப்பவர்கள், இறங்கிய அன்றைக்கே மதுரைக்கு எடுத்துவிடாதீர்கள். முதலில் காரைக்குடி கல்லுக்கட்டிப் பகுதி வரை ஒரு நடை ஓட்டிப் பார்த்து, திரும்பி வந்ததும் நாலு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். எது மட்டும் மற்றதை விடக் கொதிக்கிறதோ, அதை அன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள்.